ஒரு பக்கத்துக்கு 9.97 மார்க்

  

அறிவிப்பில் "ஹேக்கர் திரைப்படங்கள்" என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். படத்தில் தொடங்குகிறேன். ஆனால் சீக்கிரமே படத்தை விட்டு இறங்கி, நான் வாழ்கிற ஜெர்மனிக்கு வந்துவிடுவேன். படத்தைவிட இங்கே நடந்த கதை எனக்குச் சுவையாகத் தெரிகிறது.

2025 செப்டம்பரில் ராபர்ட் ரெட்ஃபோர்ட் காலமானார். அந்த வாரம் அவருடைய "ஸ்னீக்கர்ஸ்" படத்தை மறுபடி பார்த்தேன். 1992இல் வந்தது, ஃபில் ஆல்டன் ராபின்சன் இயக்கியது. வங்கிகளே கூலி கொடுத்து, "எங்கள் கட்டடத்துக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து காட்டு, எங்கே ஓட்டை என்று சொல்" என்று அனுப்பும் ஒரு குழு. தலைவர் ரெட்ஃபோர்ட். சி.ஐ.ஏ.விலிருந்து வெளியேற்றப்பட்டவராக சிட்னி போய்ட்டியே. எதைக் கேட்டாலும் அதற்குப் பின்னால் ஒரு சதி இருக்கிறது என்கிறவராக டான் அய்க்ராய்ட். பள்ளி மதிப்பெண்ணைக் கணினியில் திருத்தி மாட்டிக்கொண்ட சிறுவனாக ரிவர் ஃபீனிக்ஸ். கண் தெரியாத, காதாலேயே உலகத்தைப் பார்க்கிற விஸ்லராக டேவிட் ஸ்ட்ராதர்ன். எந்த ரகசியக் குறியீட்டையும் உடைக்கும் ஒரு கறுப்புப் பெட்டியை இவர்கள் தூக்க வேண்டும். தலைவரைக் காரின் பின்பெட்டியில் அடைத்துக் கடத்திப் போகிறார்கள். திரும்பி வந்தவரிடம் விஸ்லர், போன வழியில் சாலை எப்படிச் சத்தமிட்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்டே அந்த இடத்தைக் கண்டுபிடிக்கிறார். ஒரு விருந்தில் பலர் பேசுவது போல ஒரு இரைச்சல் கேட்டது என்கிறார் ரெட்ஃபோர்ட். அது வாத்துக் கூட்டம். அந்தக் காட்சிக்காகவே படத்தைப் பார்க்கலாம்.

இது திருட்டுப் படம். ஆனாலும் இரண்டு மணி நேரம் சிரித்துக்கொண்டே பார்க்கிறோம். ஏன் சிரிக்க முடிகிறது?

நம் இலக்கியத்தில் களவு சிரிப்புக்குரியதாக இல்லை. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் பொற்கொல்லன் திருடர்களுக்கு எட்டுத் துணைகள் உண்டு என்று பட்டியல் போடுகிறான். மந்திரம் என்று தொடங்கி மருந்து, இடம், காலம் என்று கருவி வரைக்கும் போகிறது அது. இன்றைய திரைக்கதை ஆசிரியர் ஒருவர் அதை வைத்து ஒரு குழுவையே அமைத்துவிடலாம். ஆனால் அந்தப் பட்டியலைச் சொல்பவன்தான் நிஜத் திருடன். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் கொலைக்கு வந்தவர்கள். எதிரே நிற்பவன் ஒன்றும் அறியாத கோவலன். களவு பற்றிய அறிவு அங்கே ஒரு அப்பாவியின் உயிரை எடுக்கப் பயன்படுகிறது. சிரிப்பதற்கு அங்கே இடமில்லை.

இன்னொரு பக்கம், ஞாயிற்றுக்கிழமை கோவிலில் எனக்குச் சிரிப்பு வந்த இடமும் உண்டு. லூக்கா 16ஆம் அதிகாரம், அநீதியுள்ள உக்கிராணக்காரன் கதை. வேலை போகப் போகிறது என்று தெரிந்ததும் எஜமானின் கடன்காரர்களைக் கூப்பிட்டு, நூறு அளவு எண்ணெய்க் கடனை ஐம்பது என்றும், நூறு அளவு கோதுமையை எண்பது என்றும் சீட்டில் மாற்றி எழுத வைக்கிறான். கணக்குப் பதிவில் எண்ணை மாற்றும் வேலை, சுத்தமான தரவு மோசடி! எஜமான் அவனைப் போலீஸில் பிடித்துக் கொடுக்காமல், கெட்டிக்காரன் என்று மெச்சுகிறார். பிரசங்கம் செய்கிற போதகர்கள் வருடா வருடம் இந்த இடத்தில் திணறுவார்கள். இந்த மெச்சுதலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1984இல் ஹம்பர்க்கில் அது மறுபடி வரும்.

*

1981 செப்டம்பர் 12. மேற்கு பெர்லினில் "டாட்ஸ்" என்ற இடதுசாரி நாளிதழின் அலுவலகம். கணினியில் ஆர்வமுள்ள சிலர் ஒரு மேசையைச் சுற்றிக் கூடினார்கள். அந்த மேசை ஒருகாலத்தில் "கொம்யூன் 1" என்ற புகழ்பெற்ற அறுபதுகளின் கூட்டுக் குடியிருப்பில் இருந்தது. கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் பிறந்தது அங்கேதான் என்று எல்லா வரலாறுகளும் சொல்கின்றன. முன்னால் நின்றவர் ஹெர்வார்ட் ஹொல்லாண்ட்-மோரிட்ஸ், எல்லாருக்கும் வாவ் ஹொல்லாண்ட். 1951இல் காசெல் நகரில் பிறந்தவர். படங்களில் பார்த்தால் நீண்ட தாடியும் சாய்ந்த பார்வையுமாக ஒரு ஊர்ப் பாதிரியார் போல இருப்பார்.

அந்தக் காலத்து ஜெர்மனியைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிய வேண்டும். தொலைபேசி முழுக்க முழுக்க புண்டெஸ்போஸ்ட் என்ற அரசுத் தபால் துறையின் ஏகபோகம். நம் ஊரில் தபால் தந்தித் துறை இருந்ததே, அதே மாதிரி. வீட்டுத் தொலைபேசிக் கம்பியில் நீங்களாக ஒரு மோடத்தை இணைத்தால் அது குற்றம். துறை அனுமதித்த கருவியைத் துறையிடமே மாத வாடகைக்கு எடுக்க வேண்டும். கிளப்காரர்கள் இதற்குச் செய்த கைமருந்து, ரிசீவரை அப்படியே வைத்து அழுத்தும் ஒலி இணைப்பி. அதற்குக் கழிவறைக் குழாய்க்குப் போடும் ரப்பர் வளையங்கள் கச்சிதமாகப் பொருந்தின. அதனால் அதற்கு "டாட்டன்குளோ" என்று பெயர் வைத்தார்கள், தரவுக் கழிப்பறை. அதைச் செய்யும் முறையை வரைபடத்தோடு தாங்களே வெளியிட்டார்கள். 1984 தொடக்கத்தில் ஆரம்பித்த பத்திரிகைக்கும் அவர்கள் வைத்த பெயர் "தாட்டன்ஷ்லாய்டர்". தரவுக் கவண் என்று சொல்லலாம். கோலியாத்தை அடித்த கவண் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. அவர்கள் அப்படி நினைத்து வைத்தார்களா என்பது வேறு விஷயம்.

கோலியாத் தபால் துறைதான். அது 1983 செப்டம்பரில் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் பில்ட்ஷிர்ம்டெக்ஸ்ட் என்ற சேவையை நாடு முழுவதற்கும் அறிமுகப்படுத்தியது. சுருக்கமாக பி.டி.எக்ஸ். வீட்டுத் தொலைக்காட்சியையும் தொலைபேசியையும் இணைத்தால் திரையில் வண்ண எழுத்தில் பக்கங்கள் வரும். ரயில் நேரம் பார்க்கலாம், பொருள் வாங்கலாம், வங்கிக் கணக்கைக் கவனிக்கலாம். இணையத்துக்கு முந்தைய இணையம். பிரான்ஸில் மினிடெல் இருந்தது, அதன் ஜெர்மன் ஒன்றுவிட்ட தம்பி. பக்கத்தை வைத்திருப்பவர் அதைப் பார்க்கிறவரிடம் கட்டணம் வாங்கலாம், ஒரு பக்கத்துக்கு அதிகபட்சம் 9.99 மார்க். அந்தப் பணத்தைத் தபால் துறையே தொலைபேசிக் கட்டணத்தோடு வசூலித்துக் கொடுத்துவிடும். பாதுகாப்பானது என்று துறை அடித்துச் சொன்னது.

வாவ் ஹொல்லாண்டும், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஷ்டெஃபன் வெர்னேரியும் அதை நம்பவில்லை. ஓட்டைகளைச் சுட்டிக் காட்டினார்கள், துறை காது கொடுக்கவில்லை. 1984 நவம்பர் நடுவில் ஒரு வார இறுதியில் அவர்கள் கையில் ஹம்பர்க் சேமிப்பு வங்கியின், அதாவது ஹம்பர்கர் ஷ்பார்காஸ்ஸின் பி.டி.எக்ஸ். அடையாள எண்ணும் கடவுச்சொல்லும் இருந்தன. ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு அந்தச் சிவப்பு எஸ் எழுத்தைத் தெரியாமல் இருக்காது. பிள்ளைகளுக்கு முதல் உண்டியல் கொடுப்பதும் அந்த வங்கிதான்.

இனி நடந்தது ஒரு படத்தின் இடைவேளைக் காட்சிக்குச் சமம். கிளப்புக்கு ஒரு கட்டணப் பக்கம் இருந்தது. விலை 9.97 மார்க். வங்கியின் பெயரில் உள்ளே நுழைந்து, தங்கள் பக்கத்தைத் தாங்களே கூப்பிட்டார்கள். ஒரு தடவை கூப்பிட்டால் வங்கியின் கணக்கிலிருந்து கிளப்புக்கு 9.97 மார்க். மறுபடி கூப்பிடு. மறுபடி. கையால் அழுத்திக்கொண்டிருக்க முடியுமா? ஒரு சிறு கணினியை அந்த வேலைக்கு உட்கார வைத்துவிட்டார்கள். வங்கி பூட்டிக் கிடந்தது, ஊழியர்கள் வீட்டில் இருந்தார்கள், தபால் துறையின் இயந்திரம் மட்டும் உண்மையாக உழைத்துக் கணக்கு எழுதிக்கொண்டே இருந்தது. முடிவில் சேர்ந்த தொகை கிட்டத்தட்ட 1,35,000 மார்க். வகுத்துப் பார்த்தால் சுமார் 13,500 தடவை அந்தப் பக்கம் கூப்பிடப்பட்டிருக்கிறது.

திருட்டுப் படமாக இருந்தால் அடுத்த காட்சி விமான நிலையம். இவர்களோ ஹம்பர்க் மாநிலத்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையரின் முன்னால், பத்திரிகையாளர்களை வைத்துக்கொண்டு, திங்கள்கிழமை நவம்பர் 19 அன்று எல்லாவற்றையும் செய்து காட்டினார்கள். இரவு தொலைக்காட்சிச் செய்தியில் நாடே பார்த்தது. ஒரு பெனிக்கூட அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

வங்கி என்ன செய்திருக்க வேண்டும்? கொதித்திருக்க வேண்டும். ஆனால் வங்கி நிர்வாகத்தின் கோபம் பையன்களை விட்டுவிட்டுத் தபால் துறையின் மேல் திரும்பியது. பாதுகாப்பானது என்று எங்களிடம் உறுதி சொன்னார்களே, அது பொய்யாகப் போய்விட்டதே என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம். உக்கிராணக்காரனின் எஜமான் இங்கே வந்துவிட்டார், பார்த்தீர்களா.

கடவுச்சொல் எப்படிக் கிடைத்தது என்பதில் மட்டும் சண்டை ஓயவில்லை. ஒரு பக்கத்தில் அளவுக்கு மேல் எழுத்துகளை நிரப்பினால் அமைப்பு குழம்பி, நினைவகத்தில் கிடக்கிற யாரோ ஒருவருடைய துணுக்குகளைத் திரையில் கொட்டுகிறது, அந்தக் குப்பையில் கிடந்தது வங்கியின் கடவுச்சொல் என்றது கிளப். அப்படி வர வாய்ப்பில்லை, எங்கோ யாரோ எட்டிப் பார்த்து எடுத்திருக்க வேண்டும் என்றது துறை. கொட்டுகிற ஓட்டை இருந்தது என்பதைத் துறை ஒத்துக்கொண்டு அடைத்தது. கடவுச்சொல் அதன் வழியாகத்தான் வந்ததா என்பது இன்றைக்கும் வாதத்துக்குரிய விஷயம்தான். எனக்கு இதில் ஒரு அபிப்பிராயம் உண்டு. படத்தில் கதாநாயகன் எப்படிப் பூட்டைத் திறந்தான் என்பதுதான் முக்கியம், அதைக் காட்டத்தான் படமே எடுக்கிறார்கள். வாழ்க்கையில் முக்கியமானது திறந்த பிறகு அவன் யாரிடம் போய்ச் சொன்னான் என்பது.

பி.டி.எக்ஸ். அதற்குப் பிறகு தலை நிமிரவில்லை. எதிர்பார்த்த சந்தாதாரர்கள் வரவில்லை. அதற்கு விலையும் ஒரு காரணம், பழி முழுவதையும் கிளப்பின் மேல் போடக்கூடாது. 2001 முடிவில் சேவையை நிறுத்தினார்கள்.

*

அந்த டிசம்பரிலேயே, கிறிஸ்மஸ் முடிந்த கையோடு, ஹம்பர்க்கில் கிளப் முதல் மாநாட்டை நடத்தியது. இன்றுவரை ஒவ்வொரு வருடக் கடைசியிலும் அது கூடுகிறது, கொரோனாக் காலம் மட்டும் விலக்கு. அதே 1984இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஸ்டீவன் லெவி "ஹேக்கர்ஸ்" என்ற புத்தகத்தில் ஹேக்கர்களின் அறத்தைத் தொகுத்திருந்தார். கிளப் அதோடு தன் பங்குக்கு இரண்டு சேர்த்துக்கொண்டது. மற்றவர்களின் தரவில் குப்பை போடாதே. பொதுத் தரவைப் பயன்படுத்து, தனிமனிதத் தரவைக் காப்பாற்று. இந்தக் கடைசிக் கட்டளையை நான் வேலை பார்க்கும் இடத்தில் எழுதி ஒட்டலாம். நோயாளியின் படுக்கைப் பக்கத்தில் நிற்கிற எவருக்கும் அது புரியும்.

அரசாங்கம் வேறு பாடம் படித்தது. 1986 ஆகஸ்டு 1 முதல் அமலுக்கு வந்த பொருளாதாரக் குற்றச் சட்டத்தில் தரவை வேவு பார்ப்பது, கணினி மோசடி, தரவை மாற்றுவது எல்லாம் தனித்தனிக் குற்றங்களாயின. கிளப் அதே ஆண்டு பதிவு பெற்ற சங்கமாக மாறியது. அலுவலகம், பொருளாளர், ஆண்டுக் கூட்டம், எல்லாம் உண்டு. ஜெர்மானியர்கள் குழப்பத்தைக்கூட விதிமுறைப்படிதான் செய்வார்கள் என்று நாம் கேலி செய்யலாம். ஆனால் அந்தப் பதிவுதான் அவர்களைக் காப்பாற்றியது. 1987இல் நாசாவின் வலைப்பின்னலுக்குள் ஜெர்மன் இளைஞர்கள் நுழைந்த விவகாரம் வெளியே வந்தது. நுழைந்தவர்கள் கிளப்பிடம் வந்து சொல்ல, கிளப் அதை வெளியிட்டது. விளைவு, 1988 மார்ச்சில் ஒரு கருத்தரங்குக்காக பாரிஸில் போய் இறங்கிய வெர்னேரியை பிரெஞ்சுப் போலீஸ் பிடித்து இரண்டு மாதம் உள்ளே வைத்தது. செய்தி சொன்னவனைப் பிடிப்பது சுலபம், அவன் பெயரும் முகவரியும் வெளிப்படையாக இருக்கிறதே!

*

இப்போது சிரிப்பு நிற்கிற இடத்துக்கு வருகிறேன்.

1986 ஆகஸ்டு. கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம். வானியல் ஆராய்ச்சிக்குப் பணம் தீர்ந்துபோய்க் கணினிப் பிரிவில் வேலைக்கு உட்கார்ந்த கிளிஃபோர்ட் ஸ்டோல், கணினி நேரத்துக்கான கணக்கில் 75 செண்ட் உதைப்பதைக் கவனித்தார். 75 செண்ட்தானே என்று விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. யாரோ ஒருவன் ஆய்வகத்தின் வழியாக அமெரிக்க ராணுவக் கணினிகளைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்டோல் அச்சுப்பொறிகளைக் கம்பிகளில் மாட்டி, மேசைக்கடியில் படுத்துத் தூங்கி, பல மாதம் காவல் காத்தார். வந்தவன் வெகு நேரம் இணைப்பில் இருந்தால்தான் ஜெர்மன் தபால் துறைக்காரர்கள் இணைப்பகத்தில் கம்பியைத் தேடிப் பிடிக்க முடியும். அதற்காக, அவருடைய துணைவி சொன்ன யோசனைப்படி, நட்சத்திரப் போர்த் திட்டம் பற்றிய பொய்க் கோப்புகளை அடுக்கடுக்காக எழுதி வைத்தார். வந்தவன் அவற்றை உட்கார்ந்து நிதானமாக இறக்கிக்கொண்டிருந்தான். கம்பி ஹனோவர் நகரத்து வீடு ஒன்றில் போய் முடிந்தது. ஸ்டோல் 1989இல் எழுதிய "குயிலின் முட்டை" புத்தகம் இந்த வேட்டையைச் சொல்கிறது. நிறையச் சிரிப்பு உள்ள புத்தகம்தான், அந்தக் கரையில் இருந்து பார்த்தால்.

இந்தக் கரையில், ஹனோவரில், ஒரு சிறு நண்பர் கூட்டம். கிழக்கு பெர்லினில் சோவியத் உளவுத்துறைக்குக் கடவுச்சொற்களையும் மென்பொருள்களையும் விற்றார்கள். மொத்தம் சுமார் 90,000 மார்க் வாங்கியதாகச் சொல்லப்பட்டது. அந்தக் கூட்டத்தில் கார்ல் கோஹ் என்று ஒருவர். 1965இல் பிறந்தவர். தாயும் தகப்பனும் புற்றுநோயில் போய்விட, சொத்துப் பணத்தோடு இளம் வயதில் தனியாக நின்றவர். "இல்லுமினாட்டஸ்" என்ற அமெரிக்கச் சதிக்கதை நாவலைப் படித்து, அதன் நாயகன் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டார். 23 என்ற எண்ணை எங்கும் கண்டார். கொக்கெயின் பழக்கம். கொக்கெயினுக்குப் பணம் வேண்டும். தூக்கமில்லாத இரவுகள். தன்னை யாரோ தொடர்கிறார்கள் என்ற பயம். அவர் விஷயத்தில் நிஜமாகவே தொடர்ந்தார்கள், அதுதான் கொடுமை. மனநல சிகிச்சை. 1988இல் தானாகவே போய் அதிகாரிகளிடம் ஒப்புக்கொண்டார். 1989 மார்ச்சில் கைதுகள் நடந்து, விஷயம் தொலைக்காட்சியில் வெடித்தது. 1989 மே 23 அன்று வேலையிடத்திலிருந்து காரில் கிளம்பியவர் திரும்பவில்லை. சில நாட்கள் கழித்து ஒரு காட்டில் உடல் கிடைத்தது. வயது 23. தற்கொலை என்று காவல்துறை முடித்தது. கொலை என்று பேசுகிறவர்கள் இன்றும் உண்டு.

1998இல் ஹான்ஸ்-கிறிஸ்டியான் ஷ்மிட் "23" என்ற படத்தை எடுத்தார். ஆவுகுஸ்ட் டீலின் நடிப்பு அபாரம். எனக்கு அந்தப் படத்தின் மேல் மரியாதை உண்டு, அதைச் சூழ்ந்திருக்கும் 23 என்ற எண் விளையாட்டின் மேல் இல்லை. மே 23, வயது 23 என்று கண் விரிய எழுதுகிறார்கள். பணியில் மனநோயாளிகளைப் பார்த்த எனக்கு இது ஒரு மர்மக் கதையாகத் தெரியவில்லை. பெற்றோர் இல்லாத பையன், போதை, தூக்கமின்மை, பயம், ஒப்புக்கொண்ட பின் எல்லாத் திசையிலிருந்தும் பத்திரிகைக்காரர்கள். பக்கத்தில் உட்கார ஒரு ஆள் தேவைப்பட்டிருக்கிறது. அவருக்குக் கிடைத்தவர்களில் பலர் அவரிடம் ஏதோ ஒன்றைக் கேட்டு வந்தவர்கள்.

1990 பிப்ரவரியில் செல்லே நகர நீதிமன்றம் மற்ற மூவருக்கும் தண்டனை கொடுத்தது, எல்லாமே நிறுத்திவைக்கப்பட்ட தண்டனைகள். விற்ற சரக்கில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை என்பது பொதுவான மதிப்பீடு. அவ்வளவுக்குத்தான் ஒரு உயிர்.

இந்த இரண்டு கதைகளுக்கும் இடையில் ஐந்தே வருடம். ஒரே மாதிரி இளைஞர்கள், ஒரே மாதிரி கருவிகள், கிட்டத்தட்ட ஒரே தலைமுறை. ஹம்பர்க்கில் பணம் திரும்பிப் போனது, ஹனோவரில் பணம் உள்ளே வந்தது. ஸ்னீக்கர்ஸ் படத்தின் கடைசியில் குழுவினர் ஆளுக்கொரு வரம் கேட்கிறார்கள். ஒருவருக்கு வீட்டு வண்டி, ஒருவருக்கு மனைவியோடு பயணம், பையனுக்கு ஒரு பெண்ணின் தொலைபேசி எண், விஸ்லருக்கு உலக சமாதானம். யாருமே பணப்பெட்டி கேட்கவில்லை. நாம் சிரிக்க வேண்டுமென்றால் அவர்கள் அதைக் கேட்கக்கூடாது என்று எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

*

ஜெர்மனியே எடுத்த கலகலப்பான ஹேக்கர் படம் 2014இல் வந்தது. பாரான் போ ஓடார் இயக்கிய "ஹூ ஆம் ஐ". பெர்லின், கோமாளி முகமூடி போட்ட நான்கு பேர், உளவுத்துறைத் தலைமையகத்துக்குள் நுழைவது, கடைசியில் ஒரு திருப்பம், அதற்கு மேல் இன்னொரு திருப்பம். இளைஞர்கள் கொண்டாடினார்கள். எனக்கு அதில் பிடித்தது யாரும் பேசாத ஒரு இழை. நாயகன் பெஞ்சமின், மறதி நோய் வந்த பாட்டியோடு வாழ்கிறான். அவளைப் பராமரிப்பு இல்லத்தில் விட வேண்டி வருகிறது. யார் கண்ணுக்கும் படாதவன் என்று தன்னை நினைக்கிற பையனை இதுவரை பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆளுக்கு இனி அவன் யாரென்று தெரியாது. படத்தின் தலைப்பை நான் அங்கே வைத்துப் படித்தேன். இயக்குநருக்கு அவசரம், கோமாளிகளிடம் ஓடிவிடுகிறார்.

நம் பக்கத்தில் 2018இல் வந்த "இரும்புத்திரை" பலருக்கு நினைவிருக்கும். கடன் வாங்கிய ஒரு ராணுவ வீரரின் பணம் கணக்கிலிருந்து மறைந்துவிடும். அங்கே பாதிக்கப்படுகிறவர் நம்மைப் போன்றவர், அதனால் அது கலகலப்பான படமாக முடியாது. தமிழில் ஸ்னீக்கர்ஸ் மாதிரி ஒன்று ஏன் வரவில்லை என்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வங்கியை ஏமாற்றினால் வங்கிக்குத்தான் நஷ்டம் என்ற நம்பிக்கை நமக்கு வருவதில்லை.

வங்கிகூடப் பரவாயில்லை. 2020 செப்டம்பரில் ட்யூஸல்டோர்ஃப் பல்கலைக்கழக மருத்துவமனையின் கணினிகள் நின்றன. 30 சர்வர்கள் பூட்டப்பட்டிருந்தன. மிரட்டல் கடிதம் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு இருந்தது. நீங்கள் பூட்டியது மருத்துவமனையை, நோயாளிகள் ஆபத்தில் இருக்கிறார்கள் என்று போலீஸ் தெரிவித்ததும், பூட்டியவர்கள் பணம் கேட்காமல் சாவியைக் கொடுத்துவிட்டு மறைந்தார்கள். அதற்குள் ஆம்புலன்ஸில் வந்த ஒரு பெண்மணியை அங்கே எடுக்க முடியாமல், முப்பது கிலோமீட்டர் தள்ளி வுப்பர்டாலுக்குக் கொண்டுபோனார்கள். சிகிச்சை ஒரு மணி நேரம் தாமதமானது. அவர் இறந்துவிட்டார். தாமதத்தால்தான் இறந்தார் என்று நிரூபிக்க முடியாது என்று அரசு வழக்கறிஞர்கள் பின்னர் முடிவு செய்தார்கள். அவருடைய நோய் அவ்வளவு முற்றியிருந்தது. சட்டப்படி அது சரிதான். மருத்துவமனை அவசர சிகிச்சையைக் கிட்டத்தட்ட இரண்டு வாரம் நிறுத்தி வைத்தது.

கணினி நின்ற வார்டு எப்படி இருக்கும் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். பழைய காகிதத் தாள்களை எடுப்போம், அதற்கென்று ஒரு அலமாரி இருக்கும். நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் எழுதுவதற்கு ஒரு பேனா போதும். ஆனால் இந்த அம்மாவுக்குப் பென்சிலின் ஒவ்வாது என்பது எங்கே எழுதியிருக்கிறது? காலை பத்து மணி இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் எவ்வளவு? ஆய்வகத்துக்குத் தொலைபேசி போட வேண்டும், அதை எல்லா வார்டும் ஒரே நேரத்தில் போட்டுக்கொண்டிருக்கும். இங்கே திருடப்படுவது நேரம். மருத்துவமனையில் எங்களிடம் இருக்கிற பெரிய சொத்து அதுதான்.

அதனால்தான் 2024 டிசம்பர் மாநாட்டை நான் கூர்ந்து கவனித்தேன். கிட்டத்தட்ட 7 கோடி மக்களுக்கு மின்னணு நோயாளிக் கோப்பு கொடுக்க ஜெர்மனி தயாராகிக்கொண்டிருந்த நேரம். ஹம்பர்க் மேடையில் பியாங்கா காஸ்ட்ல், மார்ட்டின் ட்ஷிர்சிஷ் என்ற இரண்டு பாதுகாப்பு ஆய்வாளர்கள் அந்தக் கோப்புகளுக்குள் அந்நியர் நுழைய எத்தனை வழிகள் உண்டு என்று வரிசையாகக் காட்டினார்கள். அடுத்தவர் பெயரில் காப்பீட்டு அட்டை வாங்குவது எவ்வளவு எளிது, பழைய பொருள் விற்கும் தளத்தில் மருத்துவமனைக் கருவிகள் என்ன விலைக்குக் கிடைக்கின்றன. அரங்கம் சிரித்துக்கொண்டே இருந்தது. 1984இன் அதே சிரிப்பு. கோப்பு 2025 ஜனவரியில் முதலில் சில பகுதிகளில் மட்டும் தொடங்கியது. ஓட்டைகளை அடைத்துவிட்டோம் என்று சொல்லி ஏப்ரல் 29 அன்று நாடு முழுவதும் திறந்தார்கள். அடைத்ததில் ஒன்றைச் சுற்றிப் போக வழி இருக்கிறது என்று உடனே கிளப்பிலிருந்து செய்தி வந்தது, அவசரமாக அதையும் மூடினார்கள்.

இவர்கள் தைரியமாக மேடை ஏறுகிறார்கள். தனி ஆளுக்கு அந்தத் தைரியம் வருமா என்பது எனக்குச் சந்தேகம். 2007இல் இந்தச் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். நுழைவதற்கான கருவியைத் தயாரிப்பதும் வாங்கிக்கொள்வதுமே குற்றமாகலாம். ஒரு மென்பொருளுக்குள் கடவுச்சொல் வெறுமனே எழுத்தாகக் கிடப்பதைக் கண்டு, பல லட்சம் வாடிக்கையாளர் விவரங்கள் திறந்து கிடக்கின்றன என்று சொன்ன ஒரு நிரலாளருக்கு, 2024 ஜனவரியில் யூலிஷ் நகர நீதிமன்றம் 3,000 யூரோ அபராதம் போட்டது. மேல்முறையீட்டிலும் அது நின்றது. அந்தக் கணக்கில் பார்த்தால் 1984 நவம்பரில் ஆணையரின் அலுவலகத்துக்குப் போன இருவரும் இன்று போகும்போது ஒரு வழக்கறிஞரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

வாவ் ஹொல்லாண்ட் 2001 ஜூலையில், 49 வயதில், பக்கவாதத்துக்குப் பிறகு இறந்தார். அவர் பெயரில் ஒரு அறக்கட்டளை இருக்கிறது. மாநாட்டு உரைகள் எல்லாம் கிளப்பின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெரும்பாலானவற்றில் ஜெர்மனுக்கு ஆங்கிலக் குரல் மொழிபெயர்ப்பும் உண்டு. மாநாடு டிசம்பர் 27இல் தொடங்கும். கிறிஸ்மஸ் வாரத்தில் இரவுப் பணி பார்க்கிறவர்களுக்கு வார்டு அடங்கிய பிறகு ஒரு காதில் ஓடவிடத் தோதாக இருக்கும், மணி அடித்தால் நிறுத்திவிட்டுப் போகலாம்.

நேரம் ஆகிவிட்டது என்று அண்ணன் திரையில் கை காட்டுகிறார். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.